சுவிஸ் சித்தப்பாவும் துப்பல் குழாயும்

நாரந்தனையில் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கலாம், பனை பட்டுப்போகலாம், பஸ்கூட ஒருநாள் நேரத்துக்கு வரலாம். ஆனால் தம் வம்சத்தில் மனம் பேதலித்த ஒருவர் பிறந்ததுமில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை என்று சிவபாதம் அறிவித்தார்.

அறிவித்த இடம் சனசமூக நிலையத்து வாசல். கேட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்து வளவுத் தம்பையா. அவரால் மறுத்துப் பேச இயலவில்லை. வாய் நிறைய எச்சிலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் குழாயுடன் நின்றார்.

“எங்கட இரத்தம் வடிகட்டின இரத்தம், தம்பையா. பாட்டன் பூட்டன் தொட்டு ஒருத்தருக்கும் தலைப் பிசகு இல்லை. எங்களிட்டை என்னத்தைத் தேடுறது? வயசு போன மனிசர் எல்லாம் விடிய வெள்ளண லைனில நிண்டு துப்புகினம். விசர் வேலை.”

தம்பையா குழாய்க்குள் துப்பினார். அதை ஒரு பதிலாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

சிவபாதத்தின் வாயில், பைத்தியத்துக்கு ஊர் சொல்லும் ‘விசர்’ என்ற சொல் தங்குதடையின்றி வரும். மழை பெய்தால் விசர் மழை, பெய்யாவிட்டால் விசர் வெயில். பால் தராத மாடு விசர் மாடு. கறியில் உப்புக் கூடினால் மனைவி ஜெயந்தாவும் அந்தப் பட்டியலில் சேர்வார். அவர் வீட்டில் ஒரேயொருவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை.

அந்த ஒருவர் சுவிஸில் இருக்கிறார்.

போன வாரம் தவறவிட்டவர்களுக்காக ஒரு தரம் சொல்லிவிடுவோம். சிவபாதத்தின் மூத்த மகள் கஜானி விஞ்ஞானி. இடப்பெயர்வையும் இழப்பையும் ஒன்றாகவே பட்ட குடும்பங்களில் ஒருவருக்கு மனநோய் வருகிறது, கூடப் பிறந்தவருக்கு வராமல் போகிறது; அதில் மரபணுவுக்கு எவ்வளவு பங்கு, பட்ட பாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. அதற்கு இரத்தம் வேண்டாம், எச்சில் போதும். அந்த எச்சிலைச் சேர்க்க, உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, அவள் தகப்பனின் ஊருக்கே மேசை கதிரையுடன் வந்து இறங்கிவிட்டாள்.

இளைய மகள் தர்சினிக்கோ கலியாணம் முற்றாகிற நேரம். மாப்பிள்ளை வாகீசன், வேலணைப் பொடியன். இந்தப் பக்கங்களில் சாதகம் பொருந்திவிட்டால் அடுத்ததாகப் பொருந்தவேண்டியது பரம்பரை. ஆஸ்துமா உண்டா, குட்டம் உண்டா என்று விசாரிப்பார்கள். மற்றது உண்டா என்று கேட்கமாட்டார்கள். அதை ஊரில் விசாரிப்பார்கள்.

மற்றது உண்டு. சிவபாதத்தின் தம்பி ஜெகதீசுக்கு இடம்பெயர்ந்த வருஷம் நித்திரை இல்லாமல் போனது. பிறகு யாரோ பேசும் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. ஆஸ்பத்திரி, பிறகு யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லம். “தம்பி எங்கை?” என்று ஊர் கேட்டபோது சிவபாதத்தின் வாய் தானாகவே “சுவிஸ்” என்றது. ஒரு மனிதன் வருஷக்கணக்காகக் காணாமல் இருந்தும் யாரும் குறுக்குக் கேள்வி கேட்காத இடம் வெளிநாடுதான்.

பொய்யைக் காப்பாற்றச் சிவபாதம் உழைக்கவும் செய்தார். மாதாமாதம் தம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பட்டினத்தில் நல்ல சொக்லேற் வாங்கி வருவார். “தம்பி அனுப்பினவன்” என்று அயலெல்லாம் கொடுப்பார். உறையின் பின்பக்கத்தில் கொழும்புக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் விலாசம் இருந்ததைச் சிலர் வாசிக்கவில்லை. வாசித்தவர்கள் சொல்லவில்லை.

இப்போது தம்பிக்குச் சுகம். கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வியாழக்கிழமைதான் வருவார்கள். அதற்கு முதல் ஜெகதீஸ் வந்து நின்றுவிட்டுப் போகட்டும் என்று சிவபாதமும் ஒத்துக்கொண்டிருந்தார். கஜானி விடியவே கூட்டிவரப் போய்விட்டாள்.

சனசமூக நிலையத்து வாசலில் நிற்கும்போதே சிவபாதத்தின் போன் அடித்தது.

“சிவபாதம் அண்ணையோ? நான் வாகீசன்ர அம்மா, சிவக்கொழுந்து. அடுத்த வியாழன் அட்டமியாம். இப்பதான் பஞ்சாங்கம் பாத்தம். இண்டைக்கு நாள் திறம். பின்னேரம் வாறம்.”

“ஓம்... ஓமக்கா. தாராளமா வாங்கோ.”

அட்டமி நாளில் நல்ல காரியம் கூடாது. அட்டமியைக் குற்றம் சொல்லவும் கூடாது. சிவபாதம் அங்கேயே நின்று மகளுக்கு எடுத்தார்.

“பிள்ளை, எங்கை நிக்கிறாய்?”

“பஸ்ஸில அப்பா. பண்ணைப் பாலத்தில போய்க்கொண்டிருக்கிறம். சித்தப்பா யன்னல் சீற்றில இருக்கிறார்.”

“உடன இறங்குங்கோ!”

“இப்ப இறங்கினா கடல் அப்பா.”

அவர் விஷயத்தைச் சொன்னார்.

“மண்டைதீவில இறங்கி எங்கையாவது சுத்திக் காட்டு. இருட்டின பிறகு வாங்கோ.”

“அப்பா, இந்த மனிசனை இவ்வளவு காலமும் ஒளிச்சது காணும். திரும்ப ஒளிக்க என்னால ஏலாது. நாங்கள் வீட்டை வாறம்.”

போன் துண்டிக்கப்பட்டது. தம்பையா ஒன்றும் கேட்காதவர் போலக் குழாயின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஒளிக்க ஏலாது என்றால் காட்டத்தான் வேண்டும். காட்டுவதென்றால் ஊருக்குச் சொன்னபடியே காட்டவேண்டும். சிவபாதத்தின் மூளை இந்த இடத்தில் வெகு தெளிவாக வேலை செய்தது. வீட்டுக்கு ஓடினார். அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்த பெரிய சூட்கேசை இறக்கினார். அவருடைய மச்சான் ஒருவர் பிரான்சிலிருந்து வந்தபோது விட்டுப்போனது. கைப்பிடியில் விமானத்தில் கட்டிவிட்ட சீட்டு இன்னும் தொங்கியது. அதே மச்சானின் குளிர் அங்கியும் கிடைத்தது.

“இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?” குசினியிலிருந்து ஜெயந்தா எட்டிப் பார்த்தார்.

“தம்பி சுவிஸிலிருந்து வாறான்.”

ஜெயந்தா சூட்கேசையும் அங்கியையும் பார்த்தார். “கஜானியின்ர மேசைக்கு முதலில உங்களைத்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கோணும்” என்றுவிட்டுப் பணியாரச் சட்டியிடம் திரும்பினார்.

சந்தியில் பஸ் வந்து நின்றபோது, வெயில் மண்டையைப் பிளந்தது. ஜெகதீஸ் இறங்கினார். மெலிந்த மனிதர், கழுவி உலர்ந்த சேட்டு, கையில் ஒரு கடைப் பை. அவர் பின்னால் கஜானி. எதிரே, மோட்டார்சைக்கிளில் சூட்கேசைக் கட்டி, குளிர் அங்கியைக் கையில் தொங்கவிட்டபடி சிவபாதம்.

“அண்ணை, எங்கையேன் பயணமோ?” என்றார் ஜெகதீஸ்.

“நீதான்டா பயணம். சுவிஸிலயிருந்து வந்திருக்கிறாய். இதைப் போடு.”

“அப்பா!” என்றாள் கஜானி.

“நீ சும்மா இரு பிள்ளை. தங்கச்சியின்ர வாழ்க்கை இது.”

ஜெகதீஸ் அங்கியை வாங்கிப் பார்த்தார். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. அவர் மறுப்பில்லாமல் கைகளை நுழைத்துக்கொண்டார். கழுத்துவரை இழுத்துப் பூட்டினார். நெற்றியில் வேர்வை பொத்துக்கொண்டு வந்தது.

“அங்கை இப்ப குளிரோ அண்ணை?”

“ஓம்.”

“அப்ப நல்லதுக்குத்தான் வந்திட்டன்.”

கஜானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சிவபாதம் பார்க்கவில்லை. அவருக்குத் தம்பியின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. ஓட்டோ ஒன்றைப் பிடித்து இருவரையும் ஏற்றிவிட்டு, சூட்கேசோடு தனியே பின்னால் வந்தார். சூட்கேஸ் காலியாக இருந்ததால் ஒவ்வொரு பள்ளத்திலும் மத்தளம் மாதிரிச் சத்தம் போட்டது.

பின்னேரம் சிவக்கொழுந்து வாகீசனுடன் வந்து இறங்கினார். அவர்கள் குடும்பம் மாத்தறையில் பெரிய கடை வைத்திருந்த குடும்பம்; கலவரத்தில் கடை எரிந்ததும் தீவுக்குத் திரும்பியவர்கள். பெரிய மனிசி, நிமிர்ந்த நடை. வந்ததும் வராததுமாகச் சொன்னார்:

“வாகீசன்ர அப்பா வரேல்லை, அண்ணை. லண்டனில மகளோட நிக்கிறார். குறை நினையாதேங்கோ.”

“சீச்சீ. பிள்ளையளோட நிக்கிறது நல்லதுதானே.”

தர்சினி தேத்தண்ணி கொண்டுவந்தாள். பயத்தம் பணியாரம் வந்தது. அரியதரம் வந்தது. அதற்குப் பின்னால், அழைக்காமலே, ஜெகதீசும் வந்து ஒரு கதிரையில் அமர்ந்தார். அங்கி இல்லை. அதை மடித்துச் சூட்கேசுக்குள் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்; முதல் தடவையாக அந்தச் சூட்கேசுக்குள் ஏதோ இருந்தது.

“என்ர தம்பி,” என்றார் சிவபாதம் அவசரமாக. “சுவிஸ். இண்டைக்குத்தான் வந்தவன். பயணக் களைப்பு, கன கதைக்கமாட்டான்.”

“அப்பிடியோ?” சிவக்கொழுந்து ஜெகதீசை நேராகப் பார்த்தார். “சுவிஸில எந்தப் பக்கம், தம்பி?”

சிவபாதம் வாயைத் திறந்தார். சூரிச் என்று சொல்லத்தான் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாய்க்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஜெகதீஸ் பணியாரத்தைத் தட்டில் வைத்தார்.

“நான் சுவிஸ் பாக்கேல்லை, அக்கா. இடம்பெயர்ந்த காலத்தில எனக்கு வருத்தம் வந்தது. மனவருத்தம். இல்லாத ஆக்கள் கதைக்கிற சத்தம் கேட்கும். இப்ப மருந்தில சுகம். மாசத்துக்கு ஒருக்கா ஊசி. அண்ணை ஒரு மாசமும் தவறாமல் வந்து பாப்பார். பொய் சொன்னது எனக்காகத்தான், இல்லாட்டிப் பிள்ளையளுக்காக. அவரில கோவிக்காதேங்கோ.”

குசினியில் ஏதோ பாத்திரம் உருண்டது. சிவபாதத்துக்குக் கலியாண வீடு, பந்தல், மேளம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் சுருட்டிக் கட்டப்பட்டு லொறியில் ஏறுவது தெரிந்தது. எழும்ப முயன்றார். கஜானி ஒரு கோப்பையில் கிணற்றுத் தண்ணீரை நீட்டினாள்.

“குடியுங்கோ அப்பா. பயந்தா எச்சில் வத்தும். அதுவும் உடம்புதான்.”

சிவக்கொழுந்து கஜானி பக்கம் திரும்பினார். “நீர்தானே இதைப் படிக்கிற பிள்ளை. அப்ப நேர கேக்கிறன், நேர சொல்லும். சித்தப்பனுக்கு வந்தது தர்சினிக்கு வருமோ? நாளைக்கு என்ர பேரப்பிள்ளைக்கு வருமோ?”

சிவபாதம் மகளைக் கண்ணால் கெஞ்சினார். ஒரே ஒரு சொல். வராது என்று ஒரு சொல். படித்தவள் சொன்னால் எடுபடும்.

“வராது எண்டு என்னால சொல்ல ஏலாது மாமி,” என்றாள் கஜானி.

சிவபாதம் கண்ணை மூடிக்கொண்டார்.

“இந்தத் தண்ணியைக் குடிச்சுப் பாருங்கோ. நல்ல தண்ணி. ஆனா அடியில உப்புத்தான் கிடக்கு. இந்தத் தீவில எல்லாக் கிணத்துக்கும் அடியில உப்பு. சிலதுக்கு ஆழத்தில, சிலதுக்குக் கிட்டடியில. அது மண்ணோட வந்தது. அதுக்காக எல்லாக் கிணறும் உவர்க்கிறேல்லை. மோட்டரைப் போட்டு ஓயாமல் இறைச்சாத்தான் உப்பு மேல வரும். ஜீனும் உந்தமாதிரித்தான். ஒண்டு ரெண்டில்லை, நூற்றுக்கணக்கில சின்னன் சின்னனா எல்லாரிட்டையும் கிடக்கு. அந்த வருஷங்கள் எங்கட சனத்தை எப்பிடி இறைச்சு எடுத்தது எண்டு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.”

சிவபாதத்துக்குக் கண் திறந்தது. இது அவருடைய பேச்சு. மோட்டர் போட்டு இறைத்ததற்காகத் தம்பையாவோடு வேலியில் நின்று அவர் கத்திய பேச்சு. அதைப் பிள்ளை திருடி ஆராய்ச்சி ஆக்கிவிட்டாள்.

“தங்கச்சிக்கு மற்ற ஆக்களை விடக் கொஞ்சம் கூட வாய்ப்பு இருக்கலாம்,” என்று கஜானி தொடர்ந்தாள். “ஆனா வராமல் விடத்தான் கூட வாய்ப்பு. வந்தாலும் ஒளிச்சு வையாமல் வேளைக்கு மருந்து எடுத்தா, சித்தப்பா மாதிரி இருந்து பணியாரம் சாப்பிடலாம். இதுக்கு மேல சொன்னா நான் பொய் சொல்லுறன் எண்டு அர்த்தம்.”

சிவக்கொழுந்து கோப்பையை வாங்கித் தண்ணீரை மெதுவாகக் குடித்தார். எல்லோரும் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாகீசன் மட்டும் அரியதரம் ஒன்றை எடுத்துக் கடித்தான். அந்த நேரத்தில் அரியதரம் கடிக்கிற பொடியனைப் பற்றிச் சிவபாதம் ஒரு முடிவுக்கு வருவதற்குள் அவன் தாய் பேசினார்.

“அண்ணை, உங்கட இளைய மேள் இதை என்ர பொடியனுக்கு முதல்நாளே சொல்லிப்போட்டா.”

தர்சினி கால் பெருவிரலைப் பார்த்தாள். வாகீசன் மென்றுகொண்டே தலையாட்டினான்.

“அவன் எனக்குச் சொன்னவன். நான் நம்பாமல் ஊரில விசாரிச்சன். கடையில கேட்டன், கோயிலில கேட்டன், உங்கட பக்கத்து வளவுத் தம்பையாவிட்டையும் கேட்டன். ஒருத்தர் விடாமல் சுவிஸ் எண்டினம். தம்பையா சொக்லேற்றைப் பற்றியும் சொன்னார், நல்ல ருசியாம்.” சிவக்கொழுந்தின் வாயோரம் முதல் தடவையாக அசைந்தது. “ஒரு ஊரே சேர்ந்து ஒரு மனிசனுக்காகப் பொய் சொல்லுதெண்டா, அது நல்ல மனிசனாத்தான் இருக்கோணும். நல்ல வீடாத்தான் இருக்கோணும். ஆனா நீங்கள் உங்கட வாயால சொல்லுவியளோ எண்டு பாக்கத்தான் வந்தனான். நீங்கள் சொல்லேல்லை.”

சிவபாதம் தலை குனிந்தார்.

“உங்கட தம்பி சொல்லிட்டார். காணும். நாள் பாப்பம்.”

குசினிக் கதவு பட்டென்று திறந்தது. ஜெயந்தா இன்னொரு தட்டுப் பணியாரத்தோடு வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்கவேயில்லை என்று முகத்தை வைத்திருந்தார், கன்னம் மட்டும் நனைந்திருந்தது. தர்சினி சித்தப்பாவின் கதிரைக்குப் பின்னால் போய் நின்று அதன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். சிவபாதத்தின் நெஞ்சுக்குள் வருஷக்கணக்காக ஓடிய ஏதோ ஒரு மோட்டர் நின்றது போலிருந்தது. அது ஓடிக்கொண்டிருந்தது என்பதே நின்றபிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

“அட்டமி உண்மையோ அக்கா?” என்று அவரால் கேட்கமுடிந்தது.

“அட்டமி உண்மை. நான் பஞ்சாங்கத்தில பொய் சொல்லமாட்டன்.”

சிரிப்பு எழுந்தது. ஜெகதீஸ்தான் எல்லோரிலும் உரக்கச் சிரித்தார். அவர் சிரித்து அந்த வளவு கேட்டு எவ்வளவோ காலம்.

போகும்போது முற்றத்தில் ஒரு சிறு சங்கதி நடந்தது. வாகீசன் காரைத் திருப்பிக்கொண்டிருந்தான். சிவக்கொழுந்து கஜானியை ஓரமாக அழைத்தார். கிணற்றடிக்குப் போவதாகப் பாவனை செய்துகொண்டிருந்த சிவபாதத்தின் காதில் விழுந்தது.

“பிள்ளை, அந்தக் குழாய் ஒண்டு தருவீரோ?”

“உங்களுக்கோ மாமி?”

“எனக்கில்லை.”

“அப்ப அவர் தானே வந்து சம்மதம் சொல்லோணும். வேற ஆக்கள் கொண்டுவந்து தந்தா நான் எடுக்கமாட்டன். குழாயை இப்ப வேணுமெண்டாக் கொண்டுபோங்கோ, காட்டி விளங்கப்படுத்துங்கோ.”

சிவக்கொழுந்து குழாயைக் கைப்பைக்குள் வைத்தார். வைத்துவிட்டு ஒரு கணம் வேலணைப் பக்கம் பார்த்தார். “கடை எரிஞ்ச பிறகு...” என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார். “வருவார். இனி வருவார். நான் கூட்டிக்கொண்டு வாறன்.”

லண்டனிலிருந்தா? சிவபாதம் கேட்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. கார் படலை தாண்டிப் போகும்வரை கைகூப்பிக்கொண்டு நின்றார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முன்பக்கத்தில் தாயும் மகள்களும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி விடிய நடந்ததிலிருந்து மறுபடி கதைத்துக்கொண்டிருந்தார்கள். கஜானியின் பை கதிரையில் திறந்தபடி கிடந்தது. சிவபாதம் அந்தப் பக்கமாக நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார்.

பின்பு கிணற்றடியில் துலாவுக்குப் பின்னால், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் நின்றுகொண்டு, சேட்டுப் பையிலிருந்து குழாயை எடுத்தார். காலையில் தம்பையா செய்ததைப் பார்த்திருந்ததால் மூடியைக் கழற்றத் தெரிந்தது. புளிப்பான ஒன்றை நினைக்கச் சொல்லி மேசையில் கஜானிக்கு உதவியாக இருந்த பிள்ளை ஒவ்வொருவருக்கும் சொன்னதும் ஞாபகம் இருந்தது. அதைக் கேட்டு அவர்தான் வாசலில் நின்று சிரித்தவர்.

கோயில் வீதிப் புளியமரத்தை நினைத்தார். அதில் ஏறிய தம்பியை நினைத்தார். கீழே மடியை விரித்துக்கொண்டு, கடதாசியில் மடித்த உப்புச் சரையோடு நின்ற தன்னை நினைத்தார். பின்னேரம் பாலைவனமாகக் கிடந்த வாய்க்குள் எங்கிருந்தோ குபுகுபுவென்று ஊறியது.

துப்பினார்.

“அண்ணை, நுரையைக் கணக்கில எடுக்கமாட்டினம். கோடு வரைக்கும் தண்ணியா வரோணும்.”

ஜெகதீஸ் துணி தோய்க்கும் கல்லில் அமர்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. சிவபாதம் குழாயைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

“நான்... பல்லு விளக்கிறன்.”

தம்பி குழாயைப் பார்த்தார், அண்ணனின் நாடியில் வழிந்ததைப் பார்த்தார். பிறகு கண்ணியமாகக் கிணற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஓம் அண்ணை,” என்றார். “சுவிஸிலயும் இப்பிடித்தான் விளக்கிறவை.”